எல்லாக் கதவையும் திறந்த செல்வியின் அட்டை

2006 ஜனவரியில் டெல்லி போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. லோதி ரோட்டில் ஓர் அலுவலகத்தின் கதவுகளுக்கு, தொடாமலே திறக்கும் அட்டைகளில் எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்லும் மூன்று நாள் வேலை. சென்னையிலிருந்து ரயிலில் முப்பத்துமூன்று மணி நேரம். மூடுபனியால் இன்னும் ஏழு. ஸ்டேஷனிலிருந்து எட்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ எண்பது ரூபாய். பேரம் பேசத் தெம்பில்லை, கொடுத்துவிட்டேன்.

அங்கே இருந்தது பழைய வகை அட்டை. எந்தக் கருவி கேட்டாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும். நான் கொண்டுபோன புது வகையில் அட்டையும் கருவியும் முதலில் ஒன்றையொன்று ரகசியக் குறியீட்டால் சோதித்துக்கொள்ளும். ஆனால் பழையது ஸ்வெட்டருக்குள் இருந்தே நான்கு விரல் தூரத்தில் கதவைத் திறக்கும். புதியதை வெளியே எடுத்து ஒட்டிக் காட்ட வேண்டும். அந்தக் குளிரில் எல்லோருக்கும் அதுதான் பெரிய குறை.

இரண்டாம் நாள் செல்வி வந்தாள். ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், அந்த அலுவலகத்தில் தினக்கூலிக்குத் துப்புரவு வேலை.

“சார், ரெக்கார்டு ரூமுல ஃபைலு காணோமாம். என் அட்டைதான் தொறந்துச்சாம். நாளையிலேருந்து வராதேங்கறாங்க. நான் அந்தப் பக்கமே போகல சார்.”

எல்லா அறையையும் கூட்ட வேண்டுமே, அதனால் எல்லாக் கதவையும் திறக்கும் அட்டை அவளிடம் மட்டும்தான் இருந்தது.

பதிவைப் பார்த்தேன். காலை 11.10க்கு அவள் எண் மூன்றாம் மாடி ரெக்கார்டு ரூமைத் திறந்திருக்கிறது. அதே நிமிடம் அடித்தளக் கதவையும். ஒரே அட்டை இரண்டு இடத்தில் இருக்க முடியாது, யாரோ நகல் வைத்திருக்கிறார்கள். நிர்வாக அதிகாரி சரோஜினி நகரில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் தஞ்சாவூர்க்காரர். அவர் அட்டையையே ஒரு நிமிடத்தில் நகலெடுத்து அவர் அறையைத் திறந்து காட்டினேன்.

“அச்சா,” என்றார். “ஒவ்வொரு தரமும் கதவைத் தொறக்க அவளைத் தேட முடியுமா? செக்‌ஷன்ல ரெண்டு பேர் அவ கார்டுக்கு டூப்ளிகேட் போட்டு வெச்சிருக்கா. எனக்கும் தெரியும்.”

தெரிந்தும் அவளை நிறுத்தப் பார்த்திருக்கிறார். கோபம் வந்தது, சண்டை போடத் தெம்பில்லை. செல்வியின் வேலை தப்பியது.

புது வகையே வேண்டும் என்று அறிக்கை கொடுத்தேன். மூன்றாம் நாள் மாலை அதிகாரி கூப்பிட்டார்.

“பர்மனென்ட் ஸ்டாஃபுக்குப் புதுசு. தினக்கூலிக்குப் பழசே போதும். ரெண்டையும் படிக்கற ரீடர்னு நீங்களே எழுதியிருக்கேளே.”

எழுதியிருந்தேன். கூடுதல் வசதி என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஜனவரியில் ரயிலை நம்பி நேரம் குறிக்காதீர்கள். கழுத்து மூடும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகமான கதவுகளைத் திறக்கும் அட்டை யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். இரண்டையும் படிக்கும் கருவியைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்தாள். “எனக்கும் புது அட்டை வருமா சார்?”

ஆட்டோ காத்திருக்கிறது என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.