குடைக்குள் பதினொன்றாவது

ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடம் துணி வெளுத்த இலைக்காரம்மாவுக்கு, வனத்துறையில் கிடைத்த வேலை புழுக்களுக்குச் சாப்பாடு போடுவது. அழிந்துகொண்டிருந்த ஒரு காட்டுப் பட்டாம்பூச்சியைக் கூண்டில் வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். அதன் புழு ஒரே ஒரு கொடியின் இலையைத்தான் தின்னும். தினமும் பறித்து, கழுவி, ஈரம் துடைத்து வைப்பாள். "நான் பெத்ததுங்ககூட இவ்வளவு அடம் பிடிச்சதில்ல" என்று அலுத்துக்கொள்வாள். அதில் பெருமைதான் அதிகம்.

அந்த வருடம் பதினோரு புழுக்கள். ஒரு மத்தியானம் சாப்பிடப் போகிற அவசரத்தில் வலைக்கதவுக்குக் கொக்கி மாட்ட மறந்துவிட்டாள். திரும்பி வந்து எண்ணினால் பத்து. சாயங்காலம்வரை தேடிவிட்டு, பக்கத்து ஆணியில் தொங்கிய தன் குடையை எடுத்துக்கொண்டு அழுதபடி வீட்டுக்குப் போனாள்.

மூன்று வாரத்தில் பத்துக் கூடுகளும் வெடித்தன. பத்தும் பச்சை இறகு, அதாவது ஆண். பழுப்பு இறகுப் பெண் ஒன்றுகூட இல்லை. காட்டிலும் இரண்டு வருடமாக யாரும் பார்த்ததில்லை.

"பத்து மாப்பிள்ளை ரெடி. பொண்ணுக்கு எங்க போறதும்மா?" என்றார் ரேஞ்சர். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள்தான் மழை. மூன்று வாரமாக வீட்டில் கட்டாமல் மாட்டியிருந்த குடையை, வேலைக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கம்பியில் நூல் கட்டிக்கொண்டு ஒரு கூடு!

பஸ் வந்தது. கண்டக்டர் அவள் வீட்டுக்காரர்தான்.

"குடையை மூடிட்டு ஏறு."

"மூடமாட்டேன். பஸ் நெரிசல்ல நசுங்கிடும்."

"எது?"

"நீங்க போங்க, நான் நடந்து வரேன்."

ஜன்னலுக்கு ஜன்னல் சிரிப்பு. மனுஷனுக்கு மானம் போயிற்று. மழை விட்டு வெயில் அடித்தும், நாலு கிலோமீட்டரும் அண்ணாந்து பார்த்தபடி விரித்த குடையோடு நடந்து, குடையைக் கூண்டுக்குள் தொங்கவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் கூடு வெடித்தது. கசங்கிய இறகு மெல்ல விரிந்தது. பழுப்பு! இலைக்காரம்மா போனை எடுத்தாள்.

ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டரின் போனிலிருந்து அவள் போட்ட சத்தம் கடைசி சீட்டுவரை கேட்டது: "ஏங்க, பொண்ணு பொறந்திருக்கு!"

அன்று சிரித்தவர்கள் ஐம்பத்தெட்டு வயதுக் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எத்தனாவதுங்க?" என்றார் ஒருவர்.

"பதினொன்னாவது" என்று சொல்லி, கண்டக்டர் சந்தோஷமாக விசில் ஊதினார்.