அப்பாவின் அக்கவுண்ட்டும் ஜெசியின் கையெழுத்தும்

போன புதன்கிழமை பேங்க்கில் ஒரு கேள்வி கேட்டார்கள். சாதாரணக் கேள்விதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏங்கய்யா, மக மேல ஏதும் கம்ப்ளெயின்ட்டா? பணத்தை எடுத்துட்டாங்களா?"

கேட்டது கவுண்ட்டரில் இருந்த பெண். கேட்கப்பட்டவர் சவரிமுத்து அண்ணன் - எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பழநி ரூட்டில் ஓட்டிய காலத்தில் ஆயக்குடி கொய்யாவைப் பை நிறைய வாங்கிவந்து தெருவுக்கே கொடுப்பார். இப்போது வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது. "பேங்க் வரைக்கும் வாரியா தாயி?" என்று அவர் கேட்டதால் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போயிருந்தேன்.

அண்ணன் வேகமாகத் தலையை ஆட்டினார். "இல்ல... இல்லம்மா. எம் மக தங்கம்."

கவுண்ட்டர் பெண்ணுக்குப் புரியவில்லை. தங்கமான மகள் என்றால், அக்கவுண்ட்டைப் பார்த்துக்கொள்ள அவளுக்குக் கொடுத்த அதிகாரத்தை எதற்காக ரத்து செய்ய வேண்டும்?

நியாயமான சந்தேகம்தானே? அந்தப் பெண்ணிடம் சொல்ல நேரமில்லை. பின்னால் கூட்டம். உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணனின் மனைவி காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஜெசிந்தா - எங்களுக்கெல்லாம் ஜெசி. உள்ளூரிலேயே, நாகல் நகரில் வாழ்க்கைப்பட்டவள். இளையவன் பிரிட்டோ, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. பிரிட்டோவைக் குறை சொல்லவே முடியாது. வாதம் வந்த அன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கார் ஓட்டி வந்தான். ஆஸ்பத்திரி செலவு முழுவதும் அவனுடையது. ஆனால் லீவு முடிந்தால் போகத்தானே வேண்டும்? போனான். அப்பாவைக் குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் ஜெசி தலையில் இறங்கியது. வடமதுரையிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு அம்மாவைப் பகல் நேர உதவிக்கு வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கையெழுத்துப் பிரச்சினை வந்தது. அண்ணன் இடது கையால் போட்ட கையெழுத்து, பேங்க்கில் இருந்த பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. பென்ஷன் பணம் இருக்கிறது... எடுக்க முடியவில்லை. பேங்க்கில் யாரோ வழி சொன்னார்கள் - நம்பிக்கையான ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள், அவர் உங்கள் சார்பில் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். மேன்டேட் என்று பெயர்.

நம்பிக்கையான ஒருவர் யார்? அண்ணன் யோசிக்கவே இல்லை. தினமும் வாயைத் துடைத்துவிடுகிறவளை விட நம்பிக்கையானவர் யார் இருக்கிறார்கள்? ஜெசிக்கு எழுதிக் கொடுத்தார்.

பிரிட்டோவிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. அப்பா சொல்லியிருப்பார் என்று ஜெசி நினைத்தாள். ஜெசி சொல்லியிருப்பாள் என்று அப்பா நினைத்தார். பேச்சு வேறு குழறுவதால் போனில் 'நல்லா இருக்கேன்' என்பதைத் தாண்டி அவர் அதிகம் பேசுவதும் இல்லை.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம். அக்கவுண்ட்டில் பதிந்திருந்த செல் நம்பர் பிரிட்டோவுடையது. அப்பாவை யாராவது போன் போட்டு ஓடிபி கேட்டு ஏமாற்றிவிடக்கூடாதே என்று, எப்போதோ நல்ல எண்ணத்தில் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தான்.

ஜெசி இங்கே பணம் எடுப்பாள். பெங்களூரில் அவன் போன் 'டிங்' என்று அடிக்கும்.

கையே தூக்க முடியாத அப்பா, எப்படிப் பணம் எடுக்கிறார்? யார் எடுக்கிறார்கள்? எதற்கு? அன்றே ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை அவன். மாதக்கணக்காக மெசேஜ் வந்தது. மாதக்கணக்காக மனசுக்குள் போட்டு வைத்தான். சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு... சும்மா இருக்க இருக்கத்தான் அது வளரும்.

போன மாதம் ஜெசியின் மகளுக்குப் புதுநன்மை - முதல்முறை நற்கருணை வாங்குகிற விழா. கோயிலில் பூசை முடிந்து வீட்டில் விருந்து. சொந்தக்காரர்கள் நிறைய. அண்ணனை வீல்சேரில் வைத்து நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். பேத்தியின் வெள்ளை கவுனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிட்டோ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, சாதாரணமாகத்தான் ஆரம்பித்தான்.

"ஏக்கா, அப்பா அக்கவுண்ட்ல இருந்து மாசாமாசம் பணம் எடுக்கறது யாரு?"

"நான்தான்டா. அப்பா எழுதிக் குடுத்திருக்காருல்ல?"

"எழுதிக் குடுத்தாரா? எப்ப? எனக்கு யாரு சொன்னா?"

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பந்தியில் இருந்த தாய்மாமன் ஒருவர், அண்ணனைக் கைகாட்டிக்கொண்டே நுழைந்தார். "மாப்ள மிஞ்சிப்போனா கஞ்சியும் ரசமும்தான குடிக்கிறாரு? அதுக்கு அம்புட்டா செலவாகுது?" என்றவர், பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார் - "அதான பாத்தேன்... விருந்து இம்புட்டுப் பெருசா இருக்கேன்னு."

நாலு பேர் சிரித்தார்கள்.

ஜெசி சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அப்பாவைப் பார்த்தாள். 'நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா' என்கிற பார்வை. அண்ணனுக்குப் பதற்றம் வந்தால் வார்த்தை அடியோடு நின்றுவிடும். வாய் கோணிக்கொண்டு, "இல்ல... இல்ல..." என்று மட்டும்தான் வந்தது.

எது இல்லை? மகள் எடுக்கவில்லையா, இவர் எழுதிக் கொடுக்கவில்லையா? அவரவர் இஷ்டத்துக்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் ஜெசி வந்தாள். பாஸ்புக், செக் புக் இரண்டையும் அப்பாவின் கட்டிலில் வைத்தாள். "இனிமே வேற யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லுங்கப்பா" என்றாள். போய்விட்டாள். சாப்பாடு மட்டும் தினமும் அவள் கணவர் கையில் வந்துகொண்டிருந்தது. சூடாக, உப்பு குறைத்து, குழைய வடித்து... எல்லாம் சரியாக. ஜெசி மட்டும் வரவில்லை.

அதனால்தான் போன புதன்கிழமை பேங்க். "அவ பேரு அதுல இருக்கற வரைக்கும் பேச்சும் இருக்கும். எடுத்துருவோம் தாயி" என்றார் அண்ணன்.

ரத்து செய்கிற வேலை சீக்கிரம் முடிந்தது. இனி பணம் எடுப்பது எப்படி என்று நான் கேட்டேன். உள்ளேயிருந்த ஆபீசர் சொன்னார்: "கைநாட்டு வைக்கலாமே மேடம். சாட்சி வெச்சுக்கலாம். வர முடியலைன்னா நாங்களே வீட்டுக்கு ஆள் அனுப்பறோம்."

இதை அன்றைக்கே ஒருவரும் சொல்லவில்லையே! நாமும்தான் கேட்கவில்லை.

திரும்பவும் அண்ணனை ஆட்டோவில் ஏற்றினேன். பூ மார்க்கெட் தாண்டும்போது, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"பேங்க்ல சொன்னேன்... பய கிட்ட... ஒரு வார்த்தை சொல்லலியே தாயி. பொட்டப்புள்ளைய... நானே நிறுத்திட்டேன்... எல்லார் முன்னாடியும்."

 தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

வியாழக்கிழமை, வடமதுரை அம்மா தன் வீட்டில் விசேஷம் என்று நாலு நாள் லீவு போட்டுவிட்டார். பிரிட்டோ லீவு எடுத்து வந்தான். அப்பாவோடு தனியாக இருந்தான். தூக்கினான், துடைத்தான், துணி அலசினான், மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினான். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவப்பு.

"அத்தை... எத்தனை டயப்பர் வாங்குனாலும் பத்த மாட்டேங்குதே?"

"பத்தாதுப்பா."

"பிசியோதெரபி, மருந்து, அந்த அம்மா சம்பளம்... இதெல்லாம் அக்கா எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீ கேட்டியாப்பா?"

 ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டான். நானும் அப்போது அண்ணன் வீட்டில்தான் இருந்தேன்.

"தப்புதான்க்கா. இந்தா, நீயே வெச்சுக்க" என்று பாஸ்புக்கை நீட்டினான். "அப்பாகிட்ட மறுபடி எழுதி வாங்கிக்கலாம்."

ஜெசி வாங்கவில்லை. "கேட்டது தப்பே இல்லடா. அப்பா காசு... நீயும் புள்ளதான. செத்த நேரம் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா ஒண்ணொண்ணா சொல்லிருப்பேன்ல? மாமா அப்படிப் பேசுனப்ப நீ சும்மா நின்ன பாரு... அதத்தான்டா என்னால முழுங்க முடியல."

அதற்குமேல் சண்டை இல்லை. உள்ளே போய் வெந்நீர் வைத்தாள். அப்பாவுக்கு ஷேவ் பண்ணிவிட்டாள். நகம் வெட்டினாள். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அண்ணன் தலையணைக்கு அடியில் இடது கையை விட்டு ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். ஜெசியிடம் நீட்டினார். "பிரட்டு... வாங்கிட்டு வாம்மா."

ஜெசி இரண்டு கைகளையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். யோசித்துச் செய்ததல்ல. கை தானாகப் போய்விட்டது.

"தம்பிகிட்டக் குடுங்கப்பா. நான் உங்களுக்குச் சட்டை மாத்தி விடுறேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. கடைசியில் பிரிட்டோதான் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினான்.

யாருக்காவது உங்கள் அக்கவுண்ட்டை எழுதிக் கொடுக்கிறீர்களா? தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அன்றைக்கே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். வாங்கிக்கொள்கிறவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய பாதுகாப்பு அதுதான்.

சவரிமுத்து அண்ணனின் அக்கவுண்ட்டில்... ஒரு பைசா கணக்கு தப்பவில்லை.