மாதேஷின் இடது சட்டைக்கை

காலை ஷிப்டுக்கு பஸ் ஏறுகிற நேரத்தில் என் சீட்டாட்டக் கூட்டாளி மாதேஷின் மனைவி சரோஜா போன் செய்தாள். "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா."

"எங்கம்மா, கல்லாவிக்கா?" என்றேன். சொந்த ஊருக்குப் போயிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கம் அழுகை மட்டும் வந்தது. பஸ் போய்விட்டது.

மூக்கண்டப்பள்ளி டீக்கடை மாடியில் ஞாயிறு மதியம் நடக்கும் போக்கர் சீட்டுப் போட்டி உங்களுக்குத் தெரியும். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஜெயித்தவருக்கு ஒரு மிக்சி. ஒருமுறை ஐந்நூறு பேர் வந்தார்கள். சரி, ஐம்பது. எதிராளி கண் இமைத்தாலே அவன் சீட்டைச் சொல்லிவிடுவேன் என்று பேர் வாங்கியவன் நான். "அந்தப் பேர நீயே வச்சிக்கினதுதானேணா" என்பான் மாதேஷ்.

முதல் நாள் குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு, ராஜாவும் ராணியும் இருப்பதுபோல் பந்தயம் கட்டக் கொடுத்த பிளாஸ்டிக் வில்லைகள் அத்தனையையும் நடுவில் தள்ளினேன். எல்லாரும் மிரண்டு சீட்டைக் கவிழ்ப்பார்கள் என்று கணக்கு. ஒரு வெல்டர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "நானும் போடறேன்" என்றார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

படிக்கட்டில் மாதேஷ் பிடித்துக்கொண்டான். "ஓசியில வந்தவன் எதுக்குணா பயப்படுவான்? தோத்தா அவனுக்கு என்னா போவுது? பயமில்லாதவங்கிட்ட பிளஃப் அடிக்காத. மொத ஒரு மணி நேரம் கம்முனு குந்து, அவனுங்களே அடிச்சிக்கினு போயிடுவானுங்க. கடைசில நாலஞ்சி பேரு மிஞ்சறப்போ மிக்சி மேல ஆசை வரும். ஆசை வந்தா பயமும் வரும். அப்ப மிரட்டு."

அப்படி ஆடித்தான் மூன்று மிக்சி வாங்கினேன். ஊரில் ஏழு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வழியை நானே கண்டுபிடித்ததாகவும் அளப்பேன். மாதேஷ் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, அண்ணன்தான் எனக்கே சொல்லிக் குடுத்தாரு" என்பான். சிரிக்கக்கூட மாட்டான்.

அவனிடம் ஒரு குறை. பொய்யாக மிரட்டும்போது இடது சட்டைக்கையை மடித்துவிடுவான். அது எனக்கு மட்டும் தெரியும். அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் நான் எப்படி ஜெயிப்பது?

அந்தக் கடைசி ஞாயிறு, இடைவேளை முடிந்து மாடி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டேய், ஆஸ்பத்திரிக்கு வா."

"வெறும் வாயுண்ணா. எனக்கு என்னா? நீ போயி ஆட்டத்தப் பாரு." சொல்லிக்கொண்டே இடது சட்டைக்கையை மடித்துவிட்டான்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். மேலே நாலு பேர்தான் மிச்சம், அதில் நானும் ஒருவன். மிக்சி மேல் ஆசை. மேலே போய்விட்டேன்.

மூன்றாம் நாள்தான் சரோஜாவின் போன்.

அந்த ஞாயிறு ஜெயித்த மிக்சியின் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான், நான் அல்ல. இப்போது யாராவது "எனக்கு ஒன்றுமில்லை" என்றால் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன். அவனிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த மடிப்பு ஒன்றுதான். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.