மணல்மேட்டின் உச்சியில்

ஆழிப்பேரலை என் மனைவியைக் கொண்டுபோனபோது நான் ஊரில் இல்லை. கடல் பொங்கினால் மாங்கேணி மணல்மேட்டில் ஏறிக்கொள் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அந்த அறிவுரையே அவளைக் கொன்றதென்று அஞ்சி, எவரிடமும் விசாரிக்காமலேயே இருந்தேன்.

உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், பழங்கால வறட்சிகளை மணல் அடுக்குகளிலிருந்து அறியும் ஆய்வுக்காக எங்கள் குழு அதே மேட்டை வெட்டியது. அடியில், வறண்ட காலங்களில் காற்று குவித்த மணல் தெளிவாகத் தெரிந்தது. நானோ உச்சியில், பேரலை ஏறியிருந்தால் விட்டுச்சென்றிருக்கும் கடல்மணலைத் தேடினேன். ஒரு சிப்பித்துண்டுகூட இல்லை.

என்னை அடையாளம் கண்ட மீனவர் ஒருவர் கேட்டார்: “என்ன ஐயா தேடுறீங்க? கடல் இதில ஏறவே இல்லயே! உங்கட வீட்டம்மா ‘மேட்டில ஏறுங்க’ எண்டு கத்தினதாலதான் நாங்க தப்பினம். நடக்கேலாத ஒருத்தரக் கூட்டிவரத் திரும்பிப் போனவ, வரல்ல. இவ்வளவு படிச்சும் எங்களிட்ட ஒரு வார்த்தை கேக்கல்லயே!”

துயரம் குறையவில்லை. ஆனால் அன்று மாலை அவள் பெயரைக் கூசாமல் உரக்கச் சொன்னேன்.