நிறுத்திய மோட்டாரும் விசிலடித்தது

சீலிங் ஃபேன் வாங்குகிறவர்கள் கலரைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள்; அதன் மோட்டாரை ஒருத்தி காதால் கேட்டுப் பாஸ் போட்டிருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஒருத்தி நான்தான். பொம்மசந்திராவில் ஒரு மோட்டார் கம்பெனியில், சைலன்ட் ரூம் என்கிற சின்ன அறையில் வேலை. ஓடும் மோட்டார் மேல் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வைத்து, மறுமுனையிலுள்ள பிளாஸ்டிக் குமிழைக் காதில் ஒட்டிக் கேட்க வேண்டும். பேரிங் கரகரத்தால் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் பச்சை. அதற்கு முன் பிரஸ் ஷாப்பில், தகடு வெட்டும் மெஷின்களுக்கு நடுவே இருந்தேன். கான்ட்ராக்டில் இருப்பவர்களில் சைலன்ட் ரூம் ஆட்களைத்தான் முதலில் பர்மனென்ட் ஆக்குவார்கள். அதனால் இந்த அறை கிடைத்த அன்று அல்சூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காதுக்குள் ஏதோ ஊதிக்கொண்டிருக்க இதைப் படிக்கும் சக பாவிகளே, மேற்கொண்டு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

சிவப்பு ஸ்டிக்கர் தீர்ந்த காலை

ஒரு திங்கட்கிழமை, வந்த மோட்டார் எல்லாம் விசிலடித்தது. மெல்லிசாக, விடாமல், ஒரே சுருதியில். நானும் சளைக்காமல் சிவப்பு ஒட்டினேன். லைன் நின்றது. பேரிங் அனுப்பியவரை போனில் பிடித்துத் திட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் மஞ்சுநாத் சார் ஓடி வந்தார். கன்னடக்காரர், எங்களோடு சேர்ந்து தமிழும் பழகிப்போனவர். கம்பியை வாங்கிக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார், என்னிடமே திருப்பித் தந்தார்.

"இன்னொரு வாட்டி கேளும்மா" என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் பின்னால் குனிந்தார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வது எங்கள் வழக்கம். மூடிக்கொண்டு கேட்டேன். "வருது சார், முன்னைவிட நல்லாவே வருது" என்றேன். கண்ணைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ப்ளக் என் கையில இருக்கும்மா. மோட்டார் நின்னு போச்சு. நீ எதைக் கேக்கற?"

மெட்ரோ உவமை

அன்று மத்தியானமே என்னை பேக்கிங்கிற்கு மாற்றிவிட்டார்கள். காது டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பேச்சு. காதில் அழுக்கு இருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நானே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு காது டாக்டரிடம் போனேன். அவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, காது கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். வேறொரு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இரைச்சலில் இருந்தவர்களுக்கு இப்படி வருவதுண்டு, இதை நிறுத்த மாத்திரை கிடையாது, சிலருக்குக் குறையும், சிலருக்கு இருந்துகொண்டே இருக்கும் என்றார்.

எனக்கு வயது இருபத்தாறு. இருந்துகொண்டே என்றால் எதுவரைக்கும்? "எப்ப நிக்கும் டாக்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் பொறுமைசாலி. என் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு சொன்னார்:

"உங்க வீட்டுப் பக்கத்துல மெட்ரோ ஓடுதே, அது எப்ப நிக்கும்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

அம்மாவின் யோசனை

சத்தமான இடத்தில் விசில் அடங்கிக் கிடக்கும். அமைதியான இடம்தான் எமன். சர்ச்சில் ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு எல்லாரும் மௌனமாக முழந்தாளிட்டிருந்தார்கள். எனக்குள் அது வீறிட்டது. தாங்க முடியாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்தாள். கோயில் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியது. கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று நானும் தயாரானேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்: "நாளைக்கு மாப்ள வீட்ல விசாரிச்சா காது நல்லா கேக்குதுன்னு சொல்லுடி. பொய் இல்லியே, உனக்கு ஊர்ல இல்லாததுகூடக் கேக்குது."

பட்டன்

டெஸ்ட் அன்று பயத்தில் டிபன் இறங்கவில்லை. இதில் தோற்றால் கடைசிவரை அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான். கண்ணாடி வைத்த சின்னக் கூண்டில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார் அந்த டெக்னீஷியன் அம்மா. சின்னச் சத்தம் கேட்டாலும் அமுக்கணும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உடனே மெல்லிசாகக் கேட்டது. அமுக்கினேன். மறுபடி கேட்டது. அமுக்கினேன். ஒன்றைக்கூட விடவில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது. கதவு திறந்தது.

"அவசரப்படாதீங்க மேடம், நான் இன்னும் மெஷினையே ஆன் பண்ணல."

வெர்னியர்

ரிசல்ட் வந்தது. கீச்சென்று வரும் சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது. பேரிங் கரகரப்பு கேட்கிற அளவுக்குக் காது நன்றாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தது. மஞ்சுநாத் சார் அதை வெகுநேரம் பார்த்தார். டிராயரைத் திறந்து, நாங்கள் அளவு பார்க்கும் பழைய வெர்னியரை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் வாயை இறுக்கி மூடினாலும் ஜீரோ காட்டாது, கொஞ்சம் தள்ளிக் காட்டும். எல்லாருக்கும் தெரியும்.

"இதை யாராவது பிசாக்கினாங்களா, தூக்கிப் போட்டாங்களா? தப்பைக் கழிச்சுட்டுத்தானே ரீடிங் எடுக்கறோம். நீயும் ஹங்கே மாடு, அப்படியே செய்."

கழுத்தில் தொங்கியது

இப்போது சைலன்ட் ரூமில்தான் இருக்கிறேன். மோட்டாரை ஓடவிடுமுன் கம்பியைக் காதில் வைத்து முதலில் என் விசிலைக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்விட்சைப் போட்டதும் அதற்குமேல் என்ன வருகிறதோ அதுதான் மோட்டாருடையது. சந்தேகம் வந்தால் இன்னொருத்தியும் கேட்பாள். பர்மனென்ட் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

போன வாரம் கேன்டீனில் இந்தக் கதையையெல்லாம் பிரஸ் ஷாப் சதீஷிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்திபெலேயிலிருந்து வருகிறவன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். காதில் வைக்க வேண்டிய அடைப்பான் எல்லாரையும் போல அவனுக்கும் கழுத்தில்தான் தொங்கியது. காதில் வைத்தால் பக்கத்து மெஷின்காரன் கத்துவது கேட்காதாம். நான் விசிலடித்துக் காட்டினேன்: இதே மாதிரி, நாள் முழுக்க, நிற்காமல். நானும் இப்படித்தான் முன்பு அடைப்பானைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்றேன். சதீஷ் சிரிக்கவில்லை. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது போல முதலில் பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியது.

"அப்போ மத்தவங்களுக்கெல்லாம் இந்த விசில் கேக்காதாக்கா?"

சத்தமே வராத ஃபேன் வேண்டும் என்று ஊரே கேட்கிறது, நாங்களும் அப்படியே செய்து அனுப்பிவிட்டு, சத்தத்தை மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போகிறோம்.