கரோல் பாக்கிலிருந்து கடல்வழி

பாய்ப்படகுகளுக்குக் கடல்வழி போட்டுக் கொடுக்கும் தொழிலில், எங்கே போக வேண்டும் என்பதைக் கடைசியாகத்தான் கேட்பார்கள். எந்த மாதம், எந்தக் காற்று என்பதுதான் முதல் கேள்வி. நாமக்கல்லில் பிறந்து, கடலைச் சுற்றுலாவில் மட்டும் பார்த்த எனக்கு, டெல்லி கரோல் பாக்கில் ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில் இந்த உத்தியோகம் கிடைத்தது. ஆறு மாதத்தில் தேறினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். புது வேலையில் அசடு வழிந்த அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஸ்கேல் வைத்த கோடு

முதல் நாள் பயிற்சி: சீஷெல்ஸ் தீவிலிருந்து கொச்சிக்கு, ஜனவரியில். ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்து, பத்தே நிமிடத்தில் நீட்டினேன். ஜனவரியில் அந்தப் பக்கம் காற்று வடகிழக்கிலிருந்து வீசும், படகும் வடகிழக்கைப் பார்த்துத்தான் போக வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பக்கத்து மேஜை கீதா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். சிரிக்காமல் திருத்திக் கொடுத்த புண்ணியவதி.

"அரே, இது மெட்ரோ லைன் இல்ல! காத்து மூஞ்சில அடிச்சா பாய்ப்படகு நேரா போகாது. காத்து மாறுற வரைக்கும் அவங்கள அங்கயே பீச்சுல உக்காரச் சொல்லு."

சுவரெல்லாம் காற்று

மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காற்று வரைபடங்கள் உண்டு. எங்கே எப்படி வீசும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். மனப்பாடம் செய்ய, அவற்றை முனிர்காவில் நான் வாடகைக்கு இருந்த அறைச் சுவரில் ஒட்டினேன். பெயிண்ட் பெயருமே என்று சண்டைக்கு வந்த வீட்டுக்கார அம்மாள், விஷயத்தைக் கேட்டதும் பரிதாபப்பட்டு இந்தியில் சொன்னது இது: "எங்க யமுனையில தண்ணியே இல்ல பேட்டா, நீ யாருக்கு வழி சொல்லப் போறே?"

நாலு நாள் கணக்கு

நான் போட்ட முதல் நிஜ வழி தூத்துக்குடி ஸ்டெல்லா அக்காவுக்கு. படகுக்கு அவர்தான் தலைவி. கணவரும் பத்து வயது மகளும் மாலுமிகள். டிசம்பரில் போர்ட் பிளேரிலிருந்து சென்னை வந்து, கிறிஸ்துமஸுக்கு ஊர் போய்ச்சேர வேண்டும். படகின் உச்ச வேகத்திலேயே இரவும் பகலும் ஓடும் என்று நினைத்து நாலு நாள் என எழுதினேன். குடிதண்ணீரும் நாலு நாளுக்கே. அக்கா போனில் கத்தவில்லை.

"தம்பி, இந்த வேகத்துல போகணும்னா படக லாரியிலதான் ஏத்தணும். ஏழு நாள்னு போட்டு, தண்ணிய பத்து நாளைக்கு எழுதுங்க."

கிளம்பும் நாள்

கிளம்பும் நாள் காலையில் வானிலை வரைபடத்தைப் பார்த்தேன். வழியின் நடுவே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகலாம், உருவாகாமலும் போகலாம். நிறுத்தினால் அவர்கள் கிறிஸ்துமஸ் போச்சு. புயல் வராவிட்டால் என் வேலையும் போச்சு. ஆனால் படகில் ஒரு குழந்தை இருந்தது. போன் செய்து, "கிளம்பாதீங்கக்கா, பாப்பா இருக்கு" என்றேன்.

ஐந்து நாள் காத்திருந்தார்கள். தாழ்வு இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிட்டது. இனிக் கிளம்பினாலும் கிறிஸ்துமஸுக்குப் போய்ச்சேர முடியாது. மன்னிப்புக் கேட்கத்தான் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

"புயல் வரலன்னு யாராவது வருத்தப்படுவாங்களா தம்பி? எம் மவள நெனச்சு ஒருத்தர் போகாதீங்கன்னு சொன்னீங்கல்லா, அது போதும். அடுத்த வழியும் நீங்கதான் போடணும்னு உங்க மேனேஜர்ட்ட சொல்லிட்டேன்."

வழி சொல்ல எடுத்த ஆளை, போகாதே என்று சொன்னதற்காக நிரந்தரமாக்கிய உத்தியோகம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.