குளவிக்கும் ஜீப்புக்கும் ஒரே கூப்பாடு

மழையில் நனைந்த கம்பளிக்கு ஒரு வாசம் உண்டு. ஆட்டுக்கொட்டில், அடுப்புப்புகை, வெற்றிலை எல்லாம் கலந்த வாசம்... அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையின் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே மூக்கு அரிக்கும்.

என்னுடையது யுத்தம் முடிந்து மலிவாக விற்ற மிலிட்டரி கம்பளி. அப்பா வாங்கியது. அதைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போனால் நானும் ஒரு சிப்பாய் என்று நினைப்பு. எலும்பும் தோலுமாய் ஒரு சிப்பாய்!

எங்கள் தோட்டத்தில் எல்லா ஆபத்துக்கும் ஒரே கூப்பாடுதான். மேல்மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் "ஓ...ய்! ஓ...ய்!" என்று கத்துவார்கள். கல் உருண்டாலும் அதுதான், சிறுத்தை தெரிந்தாலும் அதுதான், பொலிஸ் ஜீப் வந்தாலும் அதுதான். கத்துகிறவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று முதலில் கவனிக்க வேண்டும். ரோட்டைப் பார்த்தால் ஜீப். மரத்தைப் பார்த்தால் குளவி.

தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு எனக்கு மட்டும் மறந்துபோனது.

காரணம் என் மச்சினன் காத்தமுத்து. என் பெண்சாதி ராசம்மாவின் தம்பி. பிறந்தது எங்கள் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில்தான். சின்ன வயதில் திருச்சிப் பக்கம் தாத்தா ஊருக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டான். தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டமெல்லாம் வந்த பிறகு அக்காவைப் பார்க்க ஆசைப்பட்டு மன்னார்ப் பக்கம் தோணியில் வந்து இறங்கினான். கையில் ஒரு காகிதம் கிடையாது. பிடிபட்டால் 'கள்ளத்தோணி' என்று கப்பல் ஏற்றிவிடுவார்கள். அதனால் ரோட்டுப் பக்கமே விடாமல், என்னோடு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டக் கூட்டிப்போவேன்.

ஒரு மத்தியானம், தூறல் விட்டிருந்த நேரம்... மேலே கத்தல்.

"படுடா மாப்ள, ஜீப்பு!"

அவனை மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளி, என் கம்பளியையும் அவன் மேலே போட்டு மூடினேன். பொலிஸ் வந்தால் மரியாதையாக இருக்கட்டும் என்று தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். "மாத்தயா, மம தனியம" என்று, நான் தனி ஆள்தான் என்பதைச் சிங்களத்தில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்தி ரோட்டைப் பார்த்து நின்றேன்.

பின்கழுத்தில் நெருப்புத்துண்டு விழுந்தது போல இருந்தது.

கானுக்குள்ளிருந்து குரல். "மச்சான், போயிட்டாங்களா?"

"ஐயோ!" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவன் கம்பளியை விலக்கிப் பார்த்தான். "இது ஜீப்பு இல்ல மச்சான், குளவி! படுங்க!" காலைப் பிடித்து இழுத்து, என்னையும் உள்ளே போட்டு மூடினான். அதற்குள் மூஞ்சி, மண்டை, காது எல்லாவற்றிலும் கொட்டிவிட்டது. மேலே டர்பன்டைன் மரத்துக் கூட்டைப் பருந்து கலைத்துவிட்டதாம்.

குளவி ஓய்ந்தபோது எனக்கு மூச்சு இழுத்தது. கங்காணி ஓடிவந்தார். காத்தமுத்து விஷயம் அவருக்குத் தெரியும்.

"டேய் காத்தமுத்து, நீ ரோட்டுக்கு எறங்காத. நான் ஆள் அனுப்புறேன்."

"ஆள் வர்றதுக்குள்ள இவரு போயிருவாருங்க."

என்னை முதுகில் தூக்கிக்கொண்டான். இறக்கிவிடச் சொன்னேன்.

"ஏற்கெனவே கனக்குறீங்க மச்சான். பேசி வேற கனக்காதீங்க."

பட்டப்பகலில், தோட்டத்து ஆபீசைத் தாண்டி, நடுரோட்டில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனான். டொக்டர் ஐயா ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீ போடா, நான் பாத்துக்குறேன்" என்று டொக்டர் ஐயா மெதுவாகச் சொன்னார். இவன் நகரவில்லை. நான் திணறிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஜீப் வந்தது. நிஜ ஜீப். ஏதோ விறகுத் திருட்டை விசாரிக்க வந்தவர்கள், கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்தார்கள். பேர் கேட்டார்கள். காகிதம் கேட்டார்கள்.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்... உதடு வீங்கி வாய் திறக்கவில்லை. கண் இரண்டும் மூடிக்கொண்டுவிட்டன. காது மட்டும் வேலை செய்தது. ராசம்மா ஓடிவந்து போட்ட சத்தம் இன்னும் கேட்கிறது.

"இவன் இந்த லயத்துல பொறந்தவன்யா! எங்கம்மாதான் பெத்துச்சு! இன்னும் என்ன காகிதம் வேணும் ஒங்களுக்கு?"

அவனை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கிப் போகும் சத்தம் வளைவுக்கு வளைவு கேட்டது. அவனைக் கப்பலேற்றிய செய்தி பிறகு வந்தது. எனக்கு வீக்கம் வடிந்து பழைய அழகு திரும்பியது. ராசம்மா ரொம்ப நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அழகுக்குப் பயந்து அல்ல.

இப்போது தோட்டத்தில் குளவி கொட்டினால் த்ரீவீலர் வருகிறது. மண் சரியும் என்றால் பேரனின் போன் முதலில் கத்துகிறது. ரோட்டில் ஜீப் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன மாதம் காத்தமுத்து விமானத்தில் வந்தான். கையில் இந்தியப் பாஸ்போர்ட், சுற்றுலா விசா. தலை முழுக்க நரை. ராசம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "ஏர்போட்டுல ஒண்ணும் கேக்கலயாடா?"

"கேட்டாங்கக்கா. இலங்கைக்கு இதுதான் மொதத் தடவையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா சேர்ன்னேன்... எதுக்குக்கா வம்பு."